கடிகாரம் ஒரிஜினல், பணம் ஒரிஜினலா?

பழைய ரோலெக்ஸையோ ஒமேகாவையோ இணையத்தில் விற்க வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஒரிஜினல்தானே?" என்பது. விற்பவரும் பெட்டி, பில், வாரன்டி கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அதை நிரூபிப்பதிலேயே குறியாக இருக்கிறார். தனக்கு வரும் பணம் ஒரிஜினலா என்று அவர் கேட்பதில்லை. பெரிய நஷ்டம் அங்கேதான் காத்திருக்கிறது. ஆகவே பாலிஷ், படம், பார்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் பணத்தைப் பேசிவிடலாம்.

பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டுவது, வங்கி அனுப்பியது போலவே எஸ்எம்எஸ் அனுப்புவது, "ராணுவத்தில் இருக்கிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்" என்பது, இவையெல்லாம் பழைய வித்தைகள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடவேண்டிய தேவையே கிடையாது. போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்களும் சறுக்குவது அடுத்த படியில்.

எஃகில் செய்த ரோலெக்ஸ் சப்மரைனர் ஒன்று எட்டு லட்சத்துக்கு விலை படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் நல்ல மாதிரியாகப் பேசுகிறார். பேரம்கூட அதிகம் இல்லை. "பார்ட்னர் கணக்கிலிருந்து மூன்று, மச்சான் கணக்கிலிருந்து இரண்டு, மீதி கம்பெனி கணக்கிலிருந்து போடுகிறேன்" என்கிறார். பணம் உண்மையிலேயே வந்துவிடுகிறது. வங்கிச் செயலியைத் திறந்து நீங்களே பார்த்துவிட்டுத்தான் வாட்சைக் கொடுக்கிறீர்கள். சில நாள் கழித்து ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது.

நடந்தது இதுதான். அந்தப் பணம் எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்தது. அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறார். பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவியது என்று போலீஸ் பார்த்துக்கொண்டே வந்து, வழியில் உள்ள கணக்குகளை வங்கி மூலம் நிறுத்திவைக்கிறது. அந்த வரிசையில் உங்கள் கணக்கும் ஒன்று. புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கலாம். வங்கி மேலாளர் அந்தக் காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பேசிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிடுவார். நீங்கள் விற்றது நேர்மையான பொருள்தான். ஆனால் அதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. திருடனுக்கோ பறித்த பணம் கையிலேயே கட்டிக்கொண்டு போகக்கூடிய வாட்சாக மாறிவிட்டது.

இதற்காகச் சிலர் கடைப்பிடிக்கும் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. வாங்குபவர் யாரோ அவர் பெயரில் உள்ள ஒரே கணக்கிலிருந்து, ஒரே தடவையில், ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்ற முறையில் பணம் வரவேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆர்டிஜிஎஸ் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கானது. 2020 டிசம்பரிலிருந்து அது இரவு பகலாக, வாரம் முழுவதும் இயங்குகிறது. எனவே "இன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால்தான் ஆள் ஆளாக யுபிஐ போடுகிறோம்" என்ற சாக்கு எடுபடாது. யுபிஐயில் தனிநபருக்கு ஒரு நாளில் பொதுவாக ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும் என்பதால், எட்டு லட்சத்தை அந்த வழியில் ஒரே நாளில் கொடுப்பவர் பல கணக்குகளிலிருந்து அனுப்புகிறார் என்றே அர்த்தம். சம்பளமும் வீட்டுக்கடன் தவணையும் ஓடும் கணக்கில் இந்தப் பணத்தை வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சரி, ரொக்கமாக வாங்கிவிட்டால்? இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடைசெய்திருக்கிறது. அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம். கட்டவேண்டியவர் பணத்தைப் பெற்றவர், அதாவது நீங்கள். இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனைக்கான பணம் ஒன்றாகத்தான் கணக்காகும்.

பணத்தோடு சேர்ந்து ஒரு காகிதமும் வேண்டும். மாடல் எண், வரிசை எண், விலை, தேதி, வங்கிப் பரிவர்த்தனை எண், இருவர் பெயர், முகவரி, கையெழுத்து, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வாங்குபவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கிய அன்று விசாரணை அதிகாரியிடம் நீட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது இதுவும் வாட்ஸாப் உரையாடலும்தான். விற்று முடித்ததும் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி என்ன அவசரமோ!

வாட்சுக்கு வருவோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, விற்பதற்கு முன் பாலிஷ் போட்டுவிடுவது நம்மவர்களின் வழக்கம். சப்மரைனரின் செயின் கோக்கும் காதுகளை உற்றுப் பாருங்கள். மேல்புறம் நுண்ணிய கோடுகளோடு மங்கலாக இருக்கும். பக்கவாட்டு கண்ணாடி போலப் பளபளக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு, விரல் வைத்தால் தெரியும் அளவுக்குக் கூர்மையாக. தெருமுனைக் கடையின் பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது அந்த விளிம்பைத்தான். உலோகம் போனால் திரும்பாது. சேகரிப்பாளர்கள் கீறலுக்குக் கழிக்கும் விலையைவிட, தேய்ந்த காதுக்குக் கழிப்பது அதிகம். மென்மையான துணியால் துடைத்து, கண்ணிகளுக்கு நடுவே உள்ள அழுக்கை எடுத்தால் போதும்.

பழங்கால வாட்ச் என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் டயலைச் சுற்றி, வேகத்தைக் கணக்கிடும் எண்கள் பொறித்த டாக்கிமீட்டர் வளையத்தில் 90 என்ற எண்ணுக்கு மேலே புள்ளி இருந்தால், அது 1970-ஐ ஒட்டிய காலத்துக்கு முந்தைய வளையம். அதற்கென்றே தனி விலை உண்டு. மங்கிவிட்டதே என்று சர்வீஸில் புது வளையம் மாற்றச் சொன்னால், காசு கொடுத்து மதிப்பைக் குறைத்துக்கொண்ட கதைதான். டயலுக்குப் புதுச் சாயம் பூசுவதும் அப்படியே. சாயம் பூசி உதிரி பாகங்களைக் கோத்த பழைய சுவிஸ் வாட்சுகள் இங்கிருந்து உலகெங்கும் போனதால், சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து பழைய வாட்ச் விற்பவர் யாராக இருந்தாலும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் பேசவேண்டியிருக்கிறது. முன்பே பாகம் மாற்றியிருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

படம் எடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய ரோலெக்ஸில் வரிசை எண் ஆறு மணிப் பக்கத்துக் காதுகளுக்கு நடுவே, செயினைக் கழற்றினால்தான் தெரியும். 2000-களின் நடுவிலிருந்து அது டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்துக்கு வந்துவிட்டது. டயலை நெருக்கமாகப் படம் எடுத்தால் எண்ணும் சேர்ந்து விழுந்துவிடும், எடுத்தவருக்கே தெரியாமல். அந்த எண்ணைப் போலி கார்டில் அடிக்கலாம், உங்கள் வாட்சைத் தன்னுடையது என்றும் சொல்லிக்கொள்ளலாம். கடைசி சில இலக்கங்களை மறைத்துவிட்டு, நேரில் வருபவரிடம் முழு எண்ணையும் காட்டுங்கள். பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை வைத்துப் படம் எடுத்தால், அதே படத்தைத் திருடி இன்னொருவர் விளம்பரம் போடுவதும் கடினமாகும்.

விளம்பர வாசகத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: '300 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது' என்று கம்பெனி சொன்னதை நீங்கள் சொல்லாதீர்கள். ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிப்போகும். சமீபத்தில் அழுத்தச் சோதனை செய்த ரசீது இருந்தால் அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் மௌனம் நல்லது.

விலை விஷயத்தில், மற்றவர் கேட்கும் விலையை விற்ற விலையாக எண்ணுவதே பெரிய தவறு. 2022 தொடக்கத்தில் ரோலெக்ஸ் டேட்டோனாவும் படெக் பிலிப் நாட்டிலஸும் உச்சத்தில் விற்று, அதன் பிறகு இறங்கின. அந்தக் கால ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு இன்றும் பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் வாட்ச் அவர்கள் கையிலேயே இருக்கிறது. செயினிலிருந்து கழற்றிய கண்ணிகளைத் தேடி எடுங்கள். பெரிய மணிக்கட்டுக்காரர் வந்தால் அவை இல்லாமல் பேச்சே நகராது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கி வந்த வாட்சாக இருந்தால், சுங்கத் தீர்வை கட்டிய ரசீதையும் கேட்பார்கள். தங்கத்தில் செய்தது, வைரம் பதித்தது என்றால், அதைச் சாதாரண சொந்த உபயோகப் பொருளாகக் கருதலாமா, நகையாகக் கருதி லாபத்துக்கு வரி கட்டவேண்டுமா என்று விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சந்திப்பு வீட்டில் வேண்டாம். வங்கிக் கிளையே நல்ல இடம்: கேமரா இருக்கிறது, பணம் வந்ததைக் கவுண்டரிலேயே கேட்டு உறுதிசெய்யலாம். வாங்குபவர் பின்மூடியைத் திறந்து பார்க்க விரும்பினால், அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் "நம்ம மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கொடுத்துவிட்டு டீ சாப்பிட்டு வரலாம்" என்றால் கிளம்பாதீர்கள். இருவருக்கும் பொதுவான கடையில், உங்கள் கண் முன்னால் திறக்கட்டும். இரண்டு மூன்று பேராக வந்து, ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் பேச்சுக் கொடுத்தால், பேச்சை நிறுத்திவிட்டு வாட்சைப் பாருங்கள். கைமாறித் திரும்பும் ஒவ்வொரு முறையும் வரிசை எண்ணைச் சரிபார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூரியரில் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், சாதாரண ரசீதின் பின்னால் உள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். தொலைந்தால் அவர்கள் தருவது பெரும்பாலும் ஒரு சிறு தொகைதான். நகைக்கடைக்காரர்கள் சரக்கு அனுப்பும் காப்பீட்டுடன் கூடிய சேவையை விசாரித்துக்கொள்ளுங்கள். வரிசை எண் தெரியும்படி வாட்சைக் காட்டி, பெட்டியில் வைத்து ஒட்டி, எடை போடுவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். "காலிப் பெட்டி வந்தது" என்ற அழைப்பு வந்தால் அது உதவும்.

விற்று முடித்த அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். அது கிடக்கும் வரை உங்கள் படத்தை எடுத்து வேறொரு ஊர்க்காரரிடம் முன்பணம் கேட்க யாராலும் முடியும். பணத்தை இழந்தவர் தேடிக்கொண்டு கூப்பிடுவது விளம்பரத்தில் இருக்கும் உங்கள் எண்ணைத்தான்.