ஓராண்டுப் பயணங்களைத் திரும்பிப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் மாதம் வந்துவிட்டால், அந்த ஆண்டில் சென்றுவந்த ஊர்களைப் பற்றிய பேச்சு வீடுகளில் தானாகவே தொடங்கிவிடுகிறது. எந்தப் பயணம் நிறைவாக இருந்தது, எது ஏமாற்றியது, எந்த ஊருக்கு இனிப் போகவே கூடாது என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறோம். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு வெளியூர் செல்ல வாய்ப்பதோ காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறைகளும், நடுவே சேர்ந்தாற்போல் வரும் சில விடுப்பு நாள்களும்தான். அந்த நாள்களை எங்கே செலவிடுவது என்பதை இந்தத் தீர்ப்புகளே முடிவு செய்கின்றன என்பதால், தவறான தீர்ப்பு ஒன்று நல்லதோர் ஊரைப் பல ஆண்டுகளுக்கு நம்மிடமிருந்து விலக்கிவிடக்கூடும். நான் கவனித்தவரை, இத்தகைய தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. நமக்கு நேர்ந்ததற்கு ஊர் காரணமா, போன நாள் காரணமா, நாம் காரணமா என்று பிரித்துப் பாராமல், எல்லாவற்றையும் ஊரின் தலையில் கட்டிவிடுகிறோம்.

இவற்றுள் முதன்மையானது, நாளின் குறையை ஊரின் குறையாக எழுதிவிடுவது. குற்றாலத்திற்கு ஏப்ரலில் போய்வந்தவர் அங்கே வெறும் பாறைதான் இருக்கிறது என்கிறார். ஐப்பசி அடைமழையில் போனவர், அருவிக்கரை வரை சென்றும் குளிக்க விடவில்லை என்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் சொல்வது தாம் போன மாதத்தைப் பற்றித்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து சாரலாக இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தையே ஊர்க்காரர்கள் சீசன் என்கிறார்கள். அந்தக் காலத்திலும் மழை தள்ளிப்போனால் ஐந்தருவியின் எல்லாக் கிளைகளிலும் தண்ணீர் விழாது. மேலே மலையில் பெருமழை பெய்தாலோ பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெள்ளம் கொட்டும், அன்று குளிக்கத் தடைதான். குற்றாலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமானால், ஒரு முறையாவது ஆடிச் சாரலில் நின்றுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

வேடந்தாங்கலுக்கும் இது பொருந்தும். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்த ஆண்டிலோ கோடை விடுமுறையிலோ சென்றவர் காலி மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். மூணாற்றுக்குப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ போகிறவர்களுக்கு, வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்கா மூடப்பட்டிருக்கும். குறிஞ்சி 2018-இல் பூத்தது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் அந்த நீலக்குறிஞ்சி இனி 2030-இல்தான் மலை முழுவதையும் மூடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் தாங்காமல் போனதால்தான், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்தது. மே மாதத்தில் மட்டுமே ஊட்டியைப் பார்த்த ஒருவருக்கு, அந்த ஊரைப் பற்றிய நினைவு என்பது பெரும்பாலும் வாகன நெரிசலைப் பற்றிய நினைவாகவே இருக்கும். நண்பகலில் கும்பகோணம் போய் இறங்கி, நடை சாத்திய கோயில்களின் வாசலில் நான்கு மணி வரை வெயிலில் காத்திருந்தவரின் கசப்பும் இப்படிப்பட்டதே.

ஆகவே, ஆண்டுக் கணக்கு எழுதுகையில் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் போன தேதி, போய்ச் சேர்ந்த நேரம், அன்றைய மழை வெயில் ஆகியவற்றையும் எழுதிவிட்டு, இதே ஏமாற்றம் வேறொரு தேதியிலும் நேர்ந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நேர்ந்திருக்காது என்று தோன்றினால், மாற்ற வேண்டியது தேதியைத்தான். எந்த நாளில் போனாலும் இருந்தே தீரும் குறைகளும் உண்டு. ஆற்றங்கரையில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள், பெண்கள் கால் வைக்க முடியாத கழிப்பறைகள் போன்றவற்றை ஊரின் கணக்கில் தயங்காமல் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

அடுத்த தவறு, முடிவை வைத்து முழுப் பயணத்தையும் எடைபோடுவது. உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பிறகும் கையை எடுக்காமல், நீர் மெல்ல மெல்ல 15 டிகிரிக்கு ஏறும் மேலும் 30 விநாடி வைத்திருந்தார்கள். எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் கூடுதல் நேரம் வலித்த இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நினைவு பொருட்படுத்தவில்லை. உச்சத்தையும் இறுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

நம் பயணங்களின் இறுதி எப்படி இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஆய்வின் பொருள் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு, திரும்பும் டிக்கெட் ஆர்ஏசியிலேயே நின்றுவிட, பக்கவாட்டு இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்தபடி விடிய விடிய வருகிறோம். அல்லது பேருந்தில் வந்து திங்கட்கிழமை அதிகாலையில் சென்னைக்குள் நுழையும் பெருங்களத்தூர் நெரிசலில் சிக்கிக்கொண்டு, அலுவலகத்திற்கு நேரமாகிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றில் கழித்த நிம்மதியான மாலைப்பொழுதுக்கு அந்தக் காலை நேரமே மதிப்பெண் போட்டுவிடுகிறது. இதைத் தவிர்க்க எளிய வழி, கணக்கை நடுநாளிலிருந்து எழுதத் தொடங்குவது. மூன்று நாள் பயணமானால் இரண்டாம் நாளில் காலை முதல் இரவு வரை என்ன நடந்தது என்று முதலில் எழுதிவிட்டு, திரும்பிவந்த கதையைக் கடைசியில் தனியாக எழுதலாம். அந்தத் தனிக்கணக்கு, அடுத்த முறை சனிக்கிழமை இரவே கிளம்பிவிடலாம் என்ற முடிவுக்கும் உதவும்.

கைபேசியிலுள்ள படங்களை மட்டுமே சான்றாகக் கொள்வது மற்றொரு தவறு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை; இன்னும் பல கோயில்களிலும் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். அங்கே கழித்த மணிநேரங்களுக்குப் படமே இருக்காது. ஆண்டிறுதியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பட்டியல் போடுகிறவர், மதுரை என்றதும் தெப்பக்குளத்தையும் ஜிகர்தண்டாவையும் மட்டும் எழுதிவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பேசியதை விட்டுவிடுவார். படத்தைவிட நம்பகமான தடயங்கள் நம்மிடமே இருக்கின்றன. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் தேநீர் குடித்தோம் என்பதை யுபிஐ கணக்கு தேதிவாரியாகச் சொல்லும். பயணச்சீட்டுக் குறுஞ்செய்திகளும், வீட்டாருக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் விடுபட்ட பொழுதுகளை மீட்டுத் தரும்.

படமெடுப்பதற்கும் நினைவுக்கும் உள்ள உறவைப் பற்றி உளவியலாளர் லிண்டா ஹென்கெல் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவற்றைவிட அப்படிப் படமெடுத்தவை குறைவாகவே நினைவில் நின்றன; ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் கோயிலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே ஒரே தலையைக் காளையும் யானையும் பகிர்ந்துகொள்ளும் ரிஷப குஞ்சரம் என்ற சிறு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை நிற்கும். மறுபக்கத்தை மறைத்தால் காளை நிற்கும். கோபுரத்தை முழுவதும் அடக்கி எடுத்த படங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோன பிறகும், கையால் மறைத்துப் பார்த்த இந்தச் சிற்பம் ஆண்டிறுதியில் தெளிவாக நிற்கிறது.

என் இவ்வாண்டுப் பட்டியலில் முதலிடம் சித்தன்னவாசலுக்கு. பலருடைய பட்டியலில் அதே ஊர் ஏமாற்றங்களின் வரிசையில் இருக்கிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அந்தக் குன்றைத் தென்னகத்து அஜந்தா என்று சொல்லிச் சொல்லியே அனுப்பிவைக்கிறார்கள். அஜந்தாவில் ஏறத்தாழ முப்பது குடைவரைகள் உள்ளன. சித்தன்னவாசலிலோ ஓவியம் எஞ்சியிருப்பது அறிவர் கோயில் என்னும் ஒரே சிறு குடைவரையின் விதானத்திலும் தூண்களிலும்தான். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்து, நிமிர்ந்து பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு வெளியேறுகிறவர்களை நானே கண்டேன். இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றால், விதானத்தில் ஒரு தாமரைக்குளம் மெல்லத் துலங்கும். இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், கொய்த தாமரைகளைத் தண்டோடு ஏந்தி நிற்கும் ஆண்கள் என ஒவ்வொன்றாகப் புலப்படும். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தி அங்கேயே கல்வெட்டாக இருக்கிறது. குன்றின் மறுபக்கத்தில், ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகையில், சமணத் துறவியர் படுத்த வழவழப்பான கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றைச் சுற்றித் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளும் உள்ளன. வெயிலுக்கு அஞ்சி அங்கே ஏறாமலே திரும்புவோர் மிகப் பலர். இங்கே ஏமாற்றம் அளித்தது பட்டப்பெயர்தான்; சித்தன்னவாசல் தன்னை அஜந்தா என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஓர் ஊரை ஏமாற்றம் என்று எழுதுமுன், அங்கே எதை எதிர்பார்த்துப் போனோம், அந்த எதிர்பார்ப்பை யார் கொடுத்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ப்பு நேர்மையாக அமையும்.

குடும்பத்தின் சார்பில் ஒருவரே கணக்கு எழுதுவதும் தவறுதான். டிக்கெட் எடுத்தவர், வண்டி ஓட்டியவர், பணம் செலவழித்தவர் ஆகியோரின் கருத்தே பெரும்பாலும் வீட்டின் கருத்தாகிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஓட்டியவருக்கு அந்த ஆண்டின் உச்சமாக இருக்கலாம். பின்னிருக்கையில் குமட்டலோடு போராடிய பிள்ளைக்கு அப்படி இருக்காது. இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நனைந்ததை அப்பத்தா பேசிப் பேசி மகிழ்வார்; பேரனோ 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் ரயில் கடலுக்கு மேலே மெதுவாக ஊர்ந்ததை மட்டுமே சொல்வான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்டால், பெரியவர்கள் பிள்ளைகளின் மனம் நோகாதபடியும், பிள்ளைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியும் பதில் சொல்வார்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மிகுதியாகச் செலவழித்த பயணத்தை எப்படியாவது நல்ல பயணமாக்கிக் காட்ட மனம் முயலும் என்பதை நினைவில் வைத்தால் போதும். வழியில் கழிந்த நேரத்தை இழப்பாக எழுதுவதும் இதைச் சார்ந்ததே. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏற மலை ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு அது ஏறும் அந்த நேரமே பயணம். உதகை அதன் பின்னர்தான்.

கணக்கில் வராமலே போகும் பயணங்களும் உள்ளன. குலதெய்வம் கோயிலுக்குப் போனதும், உறவினர் திருமணத்திற்காக ஒரு சிற்றூரில் இரண்டு நாள் தங்கியதும், மருத்துவத்திற்காக வேலூருக்குச் சென்றதும் சுற்றுலா இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சொந்தங்களோடு வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு போன குலதெய்வப் பயணத்தைவிட நிறைவான பயணம் அந்த ஆண்டில் வேறு இருந்ததா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. திட்டமிட்டும் நடக்காமல் போனவற்றையும் காரணத்தோடு எழுத வேண்டும். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய பழக்கத்தில் தேதியைக் கணக்கிட்டவர்கள் குழம்பியிருப்பார்கள். பொங்கலுக்கான டிக்கெட்டுகள் நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும் என்பதால், டிசம்பர் கடைசி வாரத்தில் எழுதும் கணக்கு அதற்கு உதவாது. ஏப்ரல் இறுதியில் கிளம்ப நினைப்போருக்கு முன்பதிவு பிப்ரவரி இறுதியில்தான் திறக்கிறது; அதற்குள் தேதிகளோடு எழுதிய கணக்கு கையில் இருந்தால், கோடைக்கு எந்த ஊர், சாரலுக்கு எந்த வாரம் என்று வீட்டில் அனைவரையும் கேட்டு முடிவெடுக்கப் போதிய அவகாசம் கிடைக்கும்.