கொடைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு: வில்லுக்குப் பணம் அனுப்பும் முன்

பெட்டியில் என்ன எடுத்துப் போவது, எந்த விமானம் வசதி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்காக, அதிலும் குலசாமியின் கதையைப் பிள்ளைகள் வில்லுப்பாட்டில் ஒருமுறையாவது முழுதாகக் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஆடியில் போய்விட்டு வந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அதனால் ஒரு விஷயத்தை நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் நாள். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் கொடை பெரும்பாலும் சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி மாதங்களில் வரும். செவ்வாயோ வெள்ளியோ கொடை நாளாக இருக்கும். முந்தின இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, கொடையன்று மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை, மறுநாள் காலையில் நிறைவு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பந்தக்கால் நடும் கால்நாட்டு என்றைக்கு என்று பூசாரியிடமே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தேதியை நம்ப வேண்டாம். சாஸ்தா கோயிலுக்குப் பங்குனி உத்திரம். அது எல்லாருக்கும் ஒரே நாள், ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசை. கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வண்டிக்கும் தங்குவதற்கும் வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன் கதை தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். பிராமணக் குடியில் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டுப் பெண்களைக் கட்டி, செருப்புத் தைத்து வாழ்ந்து, மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டவன். வாசலில் நின்று கேட்டால் அவசரக்காரர்கள் சொல்லமாட்டார்கள். வில்லில்தான் கேட்கவேண்டும்.

வில்லுப்பாட்டை மேடைக் கச்சேரியோடு சேர்த்துவிடாதீர்கள். அது பூசையோடு பின்னியது. சாமக்கொடைக்குக் கதை எந்த இடத்துக்கு வந்திருக்கவேண்டும் என்று வில்லுக்குத் தலைமை தாங்கிப் பாடும் அண்ணாவி மனசுக்குள் கணக்கு வைத்துத்தான் பாடுவார். கைலாசத்தில் விளக்குச் சுடரில் சுடலை பிறப்பது, மயானத்தில் பிணம் தின்றதால் பூலோகத்துக்கு அனுப்பப்படுவது, மலையாளத்து மந்திரவாதியோடு மோதுவது என்று கதை ஏற ஏறத்தான் சாமியாடிக்கு அருள் வரும். அதன்பிறகே அவர் மயான வேட்டைக்குப் போவது.

என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அவர் இருந்தவரை கொடைச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று எழுதும் தலைக்கட்டு வரியை, எங்கள் வீட்டுக்கு உள்ளதை, ஆடி பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கடைசியாக அவர் பார்த்த கொடைக்கு, “வந்துட்டுப் போயேன் தாயி, நல்ல அண்ணாவி வாராரு” என்று போனில் கூப்பிட்டார். சிங்கப்பூரில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் போனபிறகு வரிநோட்டில் எங்கள் வீடு இல்லை. அப்பா பெயரில் வரி எழுதுங்கள், நான் கட்டுகிறேன் என்று விழாக் கமிட்டியில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்டேன்.

“எம்மா, நீ கெட்டிக் குடுத்த பிள்ள. உனக்கு இங்கன வரி எழுத முடியாதுல்லா? நன்கொடைன்னு தா, மைக்குல சொல்லிருதோம்.”

சரி, அந்த நன்கொடை வில்லுக்கு என்று சொல்லி அனுப்பினேன். ஊரில் போய் இறங்கிய அன்றே சித்தப்பா வீட்டுக்கு வந்தார். மெல்லிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மிச்சத்தையும் நீதான் தரவேண்டும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை என்று ஊரே எதிர்பார்க்கிறது என்றார். வில்லுக்கு அனுப்பிய பணம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. சீரியல் லைட்டுக்கும் வளைவுக்கும் போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. மிச்சத்தைக் கொடுக்காவிட்டால் வில்லை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிடுவோம் என்பதுதான் பேச்சின் முடிவு. வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா உட்காரும் திண்ணையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் பேசினார். நான் கொடுத்தேன். கொடுத்தும் பயனில்லை.

மைக் அனுமதி இரவு 10 மணி வரைதான். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. திருவிழாவுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் இல்லை. இருக்கிற நேரத்தில் மெல்லிசைக்கு 7 முதல் 9.30 வரை ஒதுக்கிவிட்டார்கள். வில்லுக்குக் கிடைத்தது அரை மணி. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி அண்ணாவி கதைக்குள் வருவதற்குள் நன்கொடைச் சீட்டுகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு சீட்டுக்கும் பாட்டை நிறுத்திப் பெயரும் தொகையும் வாசிக்கவேண்டியிருந்தது. அதில் என் பெயரும் வந்தது. சுடலை பிறக்கும் முன்பே மைக்கை அணைத்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. அண்ணாவி எழுந்திருக்கவில்லை. புரிமணையில் சாய்த்திருந்த குடத்தைக் குடக்காரர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், உடுக்கைக்காரர் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வீசுகோல் மறுபடியும் நாணில் விழுந்தது. மைக் இல்லாதபோதுதான் வில்லில் கட்டிய மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டை அடிக்கிற ஓசை தரை வழியே உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்தது. கிழவிகள் பாயை முன்னே இழுத்துப் போட்டார்கள். சாமம் வரை இருந்த நேரத்தில் நாட்டுவளத்தையெல்லாம் விட்டுவிட்டு, பிறப்பையும் மயானத்தையும் மட்டும் பாடினார். மலையாளம் போனதைப் பாட நேரமில்லை. என் மகள் அதுவரை கேட்டாள். மீதிக்கதையை நான் சொன்னேன், ஆனால் எனக்கு அண்ணாவி இல்லையே.

ஆகவே வில்லுக்கென்று கொடுப்பதானால் கமிட்டி வழியாகக் கொடுக்காதீர்கள். அண்ணாவியை நீங்களே பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுங்கள். எந்தக் கதை, எத்தனை மணிக்குத் தொடக்கம், வலத்தேயும் இடத்தேயும் பாட யார் வருகிறார்கள் என்று அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் வில்லின் நேரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சானபிறகு மாற்றமாட்டார்கள். கதை நடுவில் நன்கொடைச் சீட்டு அனுப்பாதீர்கள், வாழிபாடி முடிந்தபிறகு கையில் கொடுங்கள்.

மகுடம் என்ற பறையை அடித்துக் கதை பாடி ஆடும் கணியான் கூத்தும் இருக்கிற ஊரானால் மகுடத்துக்கு அருகில் உட்காருங்கள். கணியான் கைவெட்டி இரத்தம் படைக்கும் நேரத்தில் போனை உள்ளே வையுங்கள். அருள் வந்தவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. வில்லைப் பதிவு செய்ய அண்ணாவியிடம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், மைக்குக்குப் பக்கத்தில் இடமும் கொடுப்பார்கள்.

பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. எங்கள் ஊரில் கொடை முடிந்து எட்டாம் நாள், எட்டாம் கொடையன்று, வரவு செலவு வாசிப்பார்கள். நான் அதற்கு முன்பே விமானம் ஏற வேண்டியதாயிற்று. வரி எழுதச் சொல்லி நான் கேட்டதற்கு, “யோசிச்சுச் சொல்லுதோம்” என்றுதான் இன்றுவரை பதில். உங்களால் முடிந்தால் டிக்கெட்டை எட்டாம் கொடைக்குப் பிறகு போடுங்கள். வரிநோட்டு எல்லார் முன்னாலும் விரிந்திருக்கும் நாள் அது. அப்பா பெயரை எழுதச் சொல்லி அங்கே வைத்துக் கேளுங்கள்.