பழைய கன்ட்ரி கேசட்டுக்குச் சரியான ஆண்டு போடுவது எப்படி?

சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையில் பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றிக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர்கள், நர்ஸுகள் வீட்டுப் பரண்களிலிருந்து, அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த பாட்டு வகையான கன்ட்ரி இசை நிறைய வருகிறது. உறைமேல் ‘நம்பர் ஒன்’, ‘விருது பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எப்போது, யார் கொடுத்தது? அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓடவிடுவதற்கு முன் டேப்பை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சைப் பாருங்கள். வேலூர்க் கோடை நாலைந்தைப் பரணில் கழித்த கேசட்டில் அது பெரும்பாலும் கழன்று கிடக்கும். ஒட்டிவிட்டு, உள்ளட்டையில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து போட்ட ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. பாட்டு முதலிடம் பிடித்த ஆண்டு வேறாக இருக்கலாம். பாடகர் ராண்டி டிராவிஸின் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ 1985இல் அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் வாராந்தரக் கன்ட்ரிப் பாட்டுப் பட்டியலில் 67ஆம் இடத்தோடு நின்றது. 1986இல் மறுபடி வெளியிட்டபோது முதலிடத்துக்கே வந்தது.

அடுத்து அந்த பில்போர்டு பட்டியல். இங்கே 1990 ஜனவரியில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், வானொலி நிலையங்கள் அனுப்பிய பட்டியலை நம்பித்தான் இடம் போட்டார்கள்; அதன்பின் ஒலிபரப்பையே கருவி கேட்டுக் கணக்கெடுத்தது. ஆற்காட்டில் மக்கன் பேடா கடைக்காரரிடம் ‘எது நன்றாகப் போகிறது?’ என்று கேட்பதற்கும் அவருடைய பில் புத்தகத்தைப் புரட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எண்பதுகளில் முதலிடம் வாரத்துக்கு வாரம் கை மாறியது. தொண்ணூறுகளில் ஒரே பாட்டு பல வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆகவே, வாரக் கணக்கை வைத்து இரண்டு பத்தாண்டுகளையும் ஒப்பிடாதீர்கள். ஆல்பங்களுக்கு இதே மாற்றம் 1991 மே மாதம் வந்தது, கடைகளின் பார்கோடு விற்பனைக் கணக்கு வழியாக. அந்த செப்டம்பரிலேயே கார்த் புரூக்ஸின் ‘ரோப்பின் தி விண்ட்’ பொது ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. எந்தக் கன்ட்ரி ஆல்பமும் அதற்கு முன் அப்படி நுழைந்ததில்லை. கன்ட்ரிக்குக் கேட்பவர்கள் திடீரென்று முளைத்துவிடவில்லை. எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

விருதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1967 முதல் கொடுக்கிறது, விழா இலையுதிர்காலத்தில். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் பிறந்த அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் அக்காலத்தில் ஓராண்டுக்கான விருதை அடுத்த ஆண்டு வசந்தத்தில் கொடுத்தது. அதனால் ‘1986 விருது’ என்றால், மேடையில் ஏறியது 1987 ஏப்ரலில். அமைப்பின் பெயர் இல்லாமல் ஆண்டை மட்டும் எழுதுவது வீண்.

‘சிறந்த சிங்கிள்’, ‘சிறந்த பாடல்’ இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். முன்னது தனிப்பாட்டாக வெளியான அந்த ஒலிப்பதிவுக்கு, பின்னது பாட்டை எழுதியவர்களுக்கு. ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே’ 1980 ஜூலையில் ஒரே ஒரு வாரம்தான் முதலிடத்தில் இருந்தது. ஆனால் பாபி பிராடக், கர்லி புட்மன் இருவருக்கும் அசோசியேஷனின் சிறந்த பாடல் விருதை 1980, 1981 என இரண்டு ஆண்டு வாங்கிக் கொடுத்தது! கோப்பில் இரண்டு ஆண்டையும் போடுங்கள்.

‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பு கையில் கிடைத்தால் உள்ளட்டையின் பொடி எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். ‘புதிய ஒலிப்பதிவு’ என்றிருந்தால், முதலிடமும் விருதும் பழைய பதிவுக்கு உரியவை. இந்தக் கேசட்டின் கணக்கில் ஏற்றாதீர்கள்.