ராமநாதபுரம் கடலோரத்துக்குக் குடிவருகிறீர்களா? தை மாதத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் இடம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில்தான் வருகிறார்கள். மழை முடிந்து கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். வெயில் உறைக்காது. தென்னந்தோப்பில் நின்று ஒரு இளநீரைக் குடித்துவிட்டு, அந்தச் சுகத்திலேயே அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் அப்படிக் கொடுத்தவன்தான். கோவையிலிருந்து உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. ஊரில் இன்னும் எனக்குக் 'கோயம்புத்தூர்க்காரர்' என்றுதான் பெயர்.

கொடைக்கானலுக்குக் குடிபோகிறவரிடம் கம்பளி வாங்கச் சொல்லி நாலு பேர் எச்சரிப்பார்கள். இங்கே வருகிறவரிடம் காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மண்டபம் பக்கம் நிலம் குறுகி, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கடல் இருக்கிறது. வைகாசி வாக்கில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ். நீங்கள் தை மாதம் பார்த்துவிட்டுப் போன அமைதியான கரை, ஆனி மாதம் வாசலில் மணலை வாரிக் கொட்டும். எங்கள் வீட்டின் பெரிய ஜன்னல்களைக் கடல் தெரிய வேண்டும் என்று தென்மேற்கில் வைத்தேன். வருடத்தில் நாலு மாதம் அவை மூடியே கிடக்கின்றன. பழைய வீடுகள் ஏன் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன என்று கட்டும் முன்னே யோசித்திருக்கலாம்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு கச்சான், ஒரு வாடை, இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

நான் செய்ததில் பெரிய தவறு தண்ணீரில்தான். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று அதிகாரிகளை மிரட்டுவார்களே, அந்தக் காடு இந்த மாவட்டம்தான் என்று கேள்விப்பட்டே வந்தேன். வந்து பார்த்தால் மணலில் ஆளுயரம் தோண்டிய ஊற்றில் பெண்கள் நல்ல தண்ணீரை இறைத்துக் குடத்தில் ஊற்றித் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். ஆளுயரத்திலேயே இவ்வளவு என்றால் போர் போட்டால் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு ஆத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "தம்பி, போரு போடாதீக. ஊத்தும் சேந்து உப்பாயிரும்." சரி ஆத்தா என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாரமே வண்டியை வரவழைத்தேன். எட்டு மாதம் இனிப்பான தண்ணீர். ஒன்பதாம் மாதம் டீயில் பால் திரிந்தது.

ஆத்தா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. கடலோர மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர், பாலின் மேல் ஆடை படிந்த மாதிரி, உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீர் கனம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரால் மேலே 1 அடியை உறிஞ்சிவிட்டால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். வாளியில் இறைக்கிற ஊற்று மேலாடையை மட்டும் எடுக்கிறது. ஆழத்துக் குழாய் நேரே உப்பைக் கூப்பிடுகிறது. ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது. என் போரை மூடி மூன்று வாடை மழை பெய்த பிறகுதான் ஆத்தா வீட்டு ஊற்றில் பழைய ருசி திரும்பியது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

இப்போது மொட்டைமாடி மழைநீர் 20,000 லிட்டர் தொட்டிக்குப் போகிறது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடித்துவிடும் என்பதால் தொட்டி சின்னதாக இருந்தால் பயனில்லை. காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாய் எங்கள் தெருவிலும் உண்டு. அது வரும் நாளில் வரும்.

வீடு கட்டுவதிலும் உப்புதான் எதிரி. ஊரில் கிடைக்கும் உப்புத்தண்ணீரையே கலவைக்கும் ஊற்றி, அதையே நனைக்கவும் விட்டால், உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். கடற்கரை மணலை அள்ளிக் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த மேஸ்திரியை மாற்றுங்கள். கடல்காற்று படும் இடத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கனத்துக்குக் காங்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. இதைத்தான் கவர் என்பார்கள். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள். இரும்பு கிரில், இரும்பு கேட், தகரக் கூரை மூன்றும் வேண்டாம். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடலைப் பார்க்காத மறுபுறச் சுவரில் மாட்டுங்கள். ஸ்கூட்டரை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நிலம் வாங்கும்போது பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எல்லா ஊரிலும் பார்ப்பதுதான். இங்கே கூடுதலாக ஒன்று, கடலை ஒட்டி எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. மத்திய அரசின் 2019 அறிவிக்கை கிராமப்புறக் கடற்கரையை மக்கள் நெருக்கத்தை வைத்துப் பிரிக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்தால் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 50 மீட்டர், அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாத பகுதி. 'அங்க பாருங்க சார், கடலை ஒட்டியே எத்தனை வீடு' என்று தரகர் கைகாட்டுவார். அவை மீனவர்களின் பழைய குடியிருப்புகள். பாரம்பரிய மீனவர்களுக்கு விதியில் சில தனி ஏற்பாடுகள் உண்டு. அது உங்களுக்கு ஒட்டாது. மனையில் பனை நின்றால் வெட்டிவிட்டுத்தான் கட்டவேண்டும் என்றும் நினைக்காதீர்கள். ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. அதோடு, கச்சானைத் தடுக்கப் பனையைவிட நல்ல வேலி கிடையாது.

கரையில் கிடக்கிறதே என்று எதையும் எடுத்து வந்து ஷோகேஸில் வைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை பரவிக் கிடக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வன உயிரினச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. தெரியாமல் எடுத்தேன் என்பது வனத்துறையிடம் எடுபடாது.

மீன் விஷயத்தில் வெளியூர்க்காரர் தடுமாறுவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கடலோரத்தில் மீன் மலிவு என்று நம்பி வருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மட்டும் போகும், விலை ஏறும். கரையில் ஏலம் நடக்கும்போது நடுவில் புகுந்து 'எனக்கு ரெண்டு கிலோ' என்று கேட்கக்கூடாது. பல படகுகளின் மீன் ஏற்கெனவே முன்பணம் கொடுத்த வியாபாரிக்குச் சொந்தம். கூடை வைத்து விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். நாலு முறை பேரம் பேசாமல் வாங்கினால் ஐந்தாம் முறை நல்ல மீனை அவர்களே எடுத்து வைப்பார்கள். விளமீன் எது, ஊழி எது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

கூப்பிடும் முறையையும் இதோடு சேர்த்தே கற்றுக்கொள்ளலாம். கீழக்கரைப் பக்கம் மூத்தவரைக் 'காக்கா' என்று கூப்பிட்டால் அது மரியாதை. வேறு ஊர் நினைப்பில் சிரித்துவைக்காதீர்கள். ஒரு ஊரில் ஜமாத், அடுத்த ஊரில் கிறிஸ்தவர்களின் சந்தியாகப்பர் கோயில், அதற்கடுத்து அம்மன் கோயில். எந்த ஊரானாலும் ஊர் வரி உண்டு. கேட்டு வந்தால் எல்லோரும் கொடுக்கிற தொகையைக் கொடுங்கள். நான் முதல் வருடம் பெருந்தன்மை என்று நினைத்துப் பத்து மடங்கு கொடுத்தேன். பணத்தைத் திருப்பி என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள்.

ராமேஸ்வரம் தீவுக்குள் குடிபோகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். தீவுக்கு ரயில் வருவது கடல்மேல் போகும் ஒரு பாலத்தை நம்பித்தான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியவர்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி விட்டார்கள். அதுவரை ரயில் இக்கரையோடு சரி. மருத்துவத்துக்கு ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு இன்னும் மதுரைக்குத்தான் ஓடுகிறோம், அது ராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இதயநோய் உள்ள பெற்றோரை அழைத்துவருவதாக இருந்தால் டவுனிலேயே வீடு பாருங்கள்.

புயலுக்கு வருவோம். 'பாம்பனில் 1-ம் எண் எச்சரிக்கைக் கூண்டு' என்று டிவியில் வந்ததும் கோவையிலிருந்து சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள். 1-ம் எண் என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்கே பெட்டி கட்டுவது ஒரு தவறு. அதிகாரிகள் முகாமுக்குக் கிளம்பச் சொன்ன பிறகும் வீட்டைப் பூட்ட மனமில்லாமல் நிற்பது பெரிய தவறு. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போனது, ரயிலோடு. இடைப்பட்ட நாட்களில் என்ன செய்வது என்று நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அவர் வள்ளத்தைக் கரையில் விட்டிருந்தால் சும்மா இருப்பேன். பனைகளுக்கு இந்தப் பக்கம் இழுத்துப்போட்டிருந்தால் தொட்டியை மூடி, பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடக் கிளம்பிவிடுவேன்.