ஸ்ரீவில்லிபுத்தூரை நடந்தே பார்ப்பது எப்படி? புதிதாக ஊர் சுற்றுபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டாளைச் சேவிக்கிறார்கள், அரைக் கிலோ பால்கோவா வாங்குகிறார்கள், அடுத்த பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அந்தப் பால்கோவாவைக் கிண்டுகிற அடுப்பும், ஆண்டாள் கையில் இருக்கும் கிளிக்கு இலை தேடுகிற மனிதர்களும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம்.

சின்ன ஊரை நடந்து பார்க்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: இடங்களின் பட்டியலை விட்டுவிட்டு, ஊரில் தினமும் புழங்குகிற ஏதாவது ஒரு பொருளின் பின்னால் போவது. பால், பூ, தண்ணீர், நூல், எதுவாகவும் இருக்கலாம். அது எங்கிருந்து வருகிறது, யார் கையில் மாறுகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடிக்கொண்டு போனால், தெருக்களும் மனிதர்களும் தானாகவே அறிமுகமாகிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்தே சொல்கிறேன். பழகிவிட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும்.

படி 1: ஒரு ராத்திரி தங்கும்படி திட்டமிடுங்கள்

விருதுநகர் மாவட்டத்து வெயில் லேசானது அல்ல. மார்கழியிலிருந்து மாசி வரை நடப்பதற்குச் சுகமான காலம். மற்ற மாதங்களில் வந்தால் காலை 6 மணியிலிருந்து 9 மணி வரையும், மாலை 4 மணிக்கு மேலும் மட்டும் நடங்கள். மதியம் கோயில் நடையும் சாத்தியிருக்கும்.

முதல் நாள் மாலையே வந்து சேர்ந்துவிடுவது நல்லது. ஒரு ஊரின் விடியற்காலையைப் பார்க்காமல் அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. மதுரையிலிருந்து பஸ்ஸில் வரலாம், சுமார் 75 கிலோமீட்டர். விருதுநகர் - தென்காசி ரயில் பாதையிலும் ஊர் இருக்கிறது.

கையில் வேண்டியவை: எளிதில் கழற்றி மாட்டுகிற செருப்பு, தண்ணீர், ஒரு துண்டு, பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள், பாக்கெட்டில் அடங்குகிற நோட்டுப்புத்தகம். அவ்வளவுதான்.

படி 2: ரத வீதிகளை இரண்டு முறை சுற்றுங்கள்

முதல் சுற்றில் எங்கேயும் நிற்க வேண்டாம். ஃபோன் மேப்பும் வேண்டாம். வழி தவறிப்போகுமோ என்ற பயமே தேவையில்லை. 11 நிலை, 192 அடி உயர வடபத்ரசாயி பெருமாள் கோயில் கோபுரம் பெரும்பாலான இடங்களிலிருந்து தலை காட்டிக்கொண்டிருக்கும். கட்டடங்கள் மறைக்காத இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். மலை இருக்கிற பக்கம் மேற்கு. கோபுரமும் மலையும் போதும், திசை பிடிபட்டுவிடும்.

இரண்டாவது சுற்றில் நின்று நின்று பாருங்கள். உள்ளே இருக்கிற சந்துகளையும் இந்த வீதிகளையும் ஒப்பிட்டால் அகலத்தில் இருக்கிற வித்தியாசம் உடனே கண்ணில் படும். இந்த அகலம் தேருக்காக விட்டது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் இந்த வழியாகத்தான் வரும். நேர் வீதியில் தேரை இழுப்பதைவிட முக்கில் திருப்புவதுதான் பெரிய வேலை. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர்களின் கைப்பழக்கம் அங்கேதான் தெரியும். நீங்கள் போகிற நாளில் தேரோட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை. நான்கு முக்குகளிலும் கொஞ்ச நேரம் நின்று, அவ்வளவு பெரிய தேர் இங்கே எப்படித் திரும்பும் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் அதையே கேள்வியாகக் கேளுங்கள். தேர் இழுத்தவர்கள் தேரைப் பற்றிப் பேசும்போது நேரம் போவதே தெரியாது.

இன்னொரு கேள்வியும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுச் சின்னத்தில் இருப்பது இந்தக் கோபுரமா, மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இந்த ஊர் டீக்கடையில் அதற்கு என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: பாலின் பின்னால் போங்கள்

புதிதாக நடப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பால் கேன்கள் கட்டிய வண்டிகள் ஊருக்குள் வரும். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று மட்டும் கவனியுங்கள். சில வண்டிகள் டீக்கடைகளுக்குப் போகும், சில பால் சொசைட்டிக்குப் போகும், சில பால்கோவா போடும் இடங்களுக்குப் போகும். அந்தக் கடைசி வகை வண்டிதான் நமக்கு வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் சேர்வது பாலும் சர்க்கரையும் மட்டும்தான். இரண்டே சாமான்களை வைத்துக்கொண்டு ஒரு ஊர் பேர் வாங்கியிருக்கிறது என்றால், மீதி எல்லாமே அடுப்பும் கையும் செய்கிற வேலை. அதனால் விளக்குப் போட்டு அலங்கரித்த கடையைவிட, பின்கட்டில் அடுப்பு எரிகிற கடையைத் தேடுங்கள். புகை வாசனையும் பால் சுண்டுகிற வாசனையும் சேர்ந்து வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

உள்ளே போய் நின்றுவிடாதீர்கள். "அண்ணாச்சி, கிண்டுறதைக் கொஞ்சம் ஓரமா நின்னு பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் நெருப்புக்கும் துடுப்புக்கும் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். வாய் அகன்ற இரும்புக் கடாயில் பால் கொதிக்கும். துடுப்பு நிற்கவே நிற்காது, நின்றால் அடிப்பிடித்துவிடும். முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும், அப்புறம் குமிழ் சின்னதாகும், சத்தம் மாறும். சர்க்கரை விழுந்ததும் சற்று இளகி, மறுபடி இறுகும். எப்போது இறக்க வேண்டும் என்பதற்குக் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். துடுப்பில் ஒட்டுகிற விதத்தைப் பார்த்தே இறக்கிவிடுவார்கள். அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காகவே முழு நேரமும் நிற்கலாம்.

பார்த்து முடித்த பிறகு நூறு கிராமாவது வாங்கிச் சூடாகச் சாப்பிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோக நிறைய வாங்க வேண்டாம்; சில நாளில் ருசி மாறிவிடும். கடாயடியில் நிற்பவரிடம் கேட்க எனக்குப் பிடித்த கேள்விகள்: பால் எந்தக் கிராமத்திலிருந்து வருகிறது, கோடையில் பாலின் தன்மை மாறுமா, இந்தக் கைப்பக்குவம் யாரிடம் கற்றது? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு குடும்பக் கதையே பதிலாக வரும்.

படி 4: இலையின் பின்னால் போங்கள்

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டுகள், கண்ணுக்குக் காக்காப்பொன் என்ற மினுக்குத் தகடு (மைக்கா), எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். இன்று சாத்திய கிளி நாளை பிரசாதமாக ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். பரம்பரையாக இதைச் செய்து வருகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள செடிகளே ஒரு பறவையாக உருமாறுகின்றன என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்.

தரிசனத்துக்குப் போகும்போது வரிசையில் அவசரப்படாமல் அந்தக் கிளியைக் கண்ணால் தேடுங்கள். வெளியே வந்த பிறகு, நடக்கிற வழியில் இதே செடிகளைத் தேடுங்கள். வீட்டு வாசலில் நந்தியாவட்டை, கொல்லையில் மாதுளை, சுவரோரம் அரளி. காலையில் வெறும் செடியாகத் தெரிந்தது மாலையில் வேறு மாதிரி தெரியும்.

இதோடு மாலையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்காக மதுரைக்கும் போகிறது. பூக்கடைகளில் உட்கார்ந்து தொடுக்கிறவர்களின் விரல்களை ஒரு பத்து நிமிடம் பாருங்கள். முழம் போடுகிற கை ஊருக்கு ஊர் மாறும். ஒரு முழம் வாங்கிக்கொண்டு பார்ப்பதுதான் மரியாதை.

படி 5: மதியத்தை நிழலில் கழியுங்கள்

நடப்பவர்கள் மதியத்தை வீணாக்கிவிடுகிறார்கள். இந்த ஊரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது, 1875-இல் தொடங்கியது. அப்போது இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்ட கலெக்டர் பெயரைத்தான் நூலகத்துக்கு வைத்தார்கள். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போய் அன்றைய நாளிதழை எடுத்து உட்காருங்கள். ஊர்ப் பெரியவர்கள் எந்தச் செய்தியை முதலில் படிக்கிறார்கள் என்று பார்த்தாலே ஊரின் அக்கறை என்ன என்று தெரிந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் வந்திருந்தால் பக்கத்து ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 6: கேட்கிற விதத்தைப் பழகுங்கள்

"இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் கோயிலைத்தான் கைகாட்டுவார்கள். கண்ணில் பட்ட ஒன்றைக் காட்டிக் கேளுங்கள். "அக்கா, இந்தத் திண்ணையில இவ்வளவு உயரமா படி வச்சிருக்காங்களே, மழைத் தண்ணி ஏறுமா?" இப்படிக் கேட்டால் பதிலும் அந்த வீட்டைப் பற்றியே வரும். பெரியவர்களிடம் ஐயா, அம்மா. கடைக்காரரிடம் அண்ணாச்சி. படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வீட்டுக்குள் எட்டிப்பார்த்துப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். கோயிலுக்குள் எங்கே கேமரா கூடாது என்று எழுதியிருக்கிறதோ அதை மதியுங்கள்.

வியாபாரம் மும்முரமாக இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் ஈ ஓட்டுகிற நேரம்தான் உங்கள் நேரம்.

படி 7: மாலையில் சத்தத்தைத் தேடுங்கள்

வெயில் தாழ்ந்ததும் முதலில் திருமுக்குளத்தின் கரைக்குப் போங்கள். மார்கழியில் ஆண்டாளின் எண்ணெய்க் காப்பு உற்சவம் இந்தக் கரை மண்டபத்தில்தான் நடக்கும். மற்ற நாட்களில் அது ஊரின் காற்று வாங்கும் இடம். தண்ணீர் எத்தனை படிக்கு நிற்கிறது என்று பாருங்கள், அந்த வருடத்து மழையை அது சொல்லும்.

அங்கிருந்து விசாரித்துக்கொண்டே மடவார்வளாகம் வைத்தியநாதர் கோயிலுக்கு நடங்கள். திருமலை நாயக்கரின் வயிற்றுவலி இங்கே தீர்ந்தது என்பது தலவரலாறு. இங்கே பூஜை முடிந்த செய்தி கேட்ட பிறகுதான் அவர் மதுரையில் சாப்பிட உட்காருவார் என்றும், அதற்காக மதுரை வரை வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டி முரசொலியாகச் செய்தியைக் கடத்தினார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். இதைக் கேட்ட பிறகு கண்ணை மூடி ஒரு நிமிடம் நில்லுங்கள். இப்போது எந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது? கோயில் மணி, பஸ் ஹாரன், பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: அன்றைக்கே எழுதுங்கள், பிறகு உங்கள் ஊரில் செய்யுங்கள்

அறைக்குத் திரும்பியதும் ஒரு பக்கத்தில் நடந்த வழியை வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் சரி. பெயர் தெரிந்த தெருவுக்குப் பெயர், தெரியாததற்கு அங்கே பார்த்த பொருள்: மாதுளை வீடு, புகை வரும் கடை, உயரப் படி. அடுத்த பக்கத்தில் பதில் கிடைக்காத கேள்விகளை எழுதுங்கள். மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன் அதில் ஒன்றையாவது கேட்டு முடித்துவிடுங்கள்.

உங்கள் சொந்த ஊரில் இதைச் செய்வதென்றால், உங்கள் வீட்டுக்குத் தினமும் வருகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வாசலில் பூ கொண்டுவருகிற அக்காவிடம், காலையில் எந்த மார்க்கெட்டில் பூ எடுக்கிறார், எத்தனை மணிக்கு ஏலம் என்று கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள்.