செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி கியர் மாறும்போது உதைக்கிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள்

போன மார்கழியில் பெங்களூர் ஜெயநகரில் ஒருவரிடமிருந்து 2016 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 92,000 கிலோமீட்டர் ஓடியது. ஓட்டிப் பார்த்த அன்று வழுக்கிக்கொண்டு போனது. அல்சூருக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள், விடியற்காலைக் குளிரில் ரிவர்ஸ் போட்டேன். யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி ஒரு ‘டொக்’. பிறகு இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது ஒரு வெட்டு.

பக்கத்து மெக்கானிக் இரண்டு தெரு ஓட்டிவிட்டு வந்து, “கியர் பாக்ஸ் இறக்கணும் சார், ஒன்றரை லட்சம் வரும்” என்றார். கடைசியில் எனக்கு ஆன செலவு பதினெட்டாயிரத்துக்குள். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். இதற்கு மெக்கானிக் மூளையோ ஸ்பானரோ வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சின்ன ஸ்கேனரும், உதவிக்கு ஒரு ஆளும் போதும். எனக்கு வாய்த்த ஆள் என் மாமனார். ஆயுள் முழுக்க கியர் வண்டி ஓட்டியவர். “கிளட்சே இல்லாத வண்டிக்கு எங்க மாப்ள நாடி பிடிப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டேதான் கூட வந்தார்.

முதலில்: உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

இது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நம் ஊரில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வகை ஓடுகின்றன.

ஏஎம்டி என்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் போடுகிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னே போய் வருவது அதன் பிறவிக் குணம், நோய் இல்லை. லிவரில் ‘பார்க்’ நிலை இல்லாவிட்டால் பெரும்பாலும் அது ஏஎம்டி. சிவிடியில் படிப்படியான கியரே கிடையாது. இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு உலோகப் பட்டையும்தான். அதில் ‘கியர் மாறும்போது வெட்டுகிறது’ என்று சொல்ல முடியாது, புறப்படும்போது நடுங்கினால்தான் கவலை. டிசிடியில் இரட்டை கிளட்ச். சில்க் போர்டு மாதிரி நெரிசலான இடத்தில் அரை மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் சூடேறி முரண்டு பிடிக்கும். நான்காவது, பழைய நம்பகமான டார்க் கன்வர்ட்டர்: இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது. என் வண்டி இந்த வகை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இதற்கானது. சந்தேகமானால் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், விற்றவரின் வார்த்தையை நம்ப வேண்டாம்.

அடுத்து: எப்போது உதைக்கிறது என்று எழுதுங்கள்

இதுதான் மொத்த வேலையில் பாதி. நாம் எல்லோரும் மெக்கானிக்கிடம் “ரொம்ப ஜெர்க் அடிக்குது” என்போம். எவ்வளவு அடிக்கிறது என்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எப்போது அடிக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஒரு வாரம் பொறுமையாக எழுதுங்கள். வண்டி ஆறியிருந்ததா, அரை மணி நேரம் ஓடிச் சூடாகியிருந்ததா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு? வேகம் ஏறும்போதா, பிரேக் பிடித்து இறங்கும்போதா? ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தபோதா, அழுத்தியபோதா? ஆர்பிஎம் முள் என்ன செய்தது?

ஆறியிருக்கும்போது மட்டும் வெட்டி, சூடானதும் சரியாகிவிட்டால் ஆயில் பழசு, வால்வ் பாடியில் (ஆயில் அழுத்தத்தை அந்தந்தக் கியருக்குத் திருப்பிவிடும் பகுதி) ஒட்டல் போன்ற சின்ன காரணங்களுக்கு வாய்ப்பு அதிகம். தலைகீழாக, ஆறியபோது நன்றாக ஓடிச் சூடானதும் மோசமானால் கொஞ்சம் பயப்படலாம்: ஆயில் சூட்டில் இளகியதும் தேய்ந்த சீல்கள் வழியே உள்ளே அழுத்தம் கசிகிறது என்று பொருள் கொள்ளலாம். கியர் மாறும் நொடியில் முள் விர்ரென்று மேலே எகிறி, வண்டி மட்டும் வேகம் எடுக்காமல் நின்றால் அது வெட்டு இல்லை, ஸ்லிப். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெட்டு பல நேரம் மலிவு. ஸ்லிப் பெரும்பாலும் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்த கதை.

என் நோட்டில் ஒரு வாரத்தில் தெரிந்தது இது. ‘டொக்’ ஆறிய இன்ஜினில், ரிவர்ஸ் அல்லது டிரைவ் போடும் கணத்தில். வெட்டு, முதல் பத்து நிமிடத்தில் மட்டும். ஸ்லிப் ஒருமுறைகூட இல்லை. வாங்கும் அன்று ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது: நான் போவதற்கு முன்பே அவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நின்ற இடத்திலேயே செய்யும் சோதனைகள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொள்ளுங்கள். நியூட்ரலிலிருந்து டிரைவ், திரும்ப நியூட்ரல், பிறகு ரிவர்ஸ். ஒவ்வொரு முறையும் கியர் பிடிக்க ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகலாம். அதற்கு மேல் இழுத்து, பிறகு திடுமெனப் பிடித்தால் ஆயில் குறைவு அல்லது அழுத்தக் குறைவு.

இப்போது பானெட்டைத் திறந்து, உதவிக்கு வந்தவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மறுபடி அதே டிரைவ், ரிவர்ஸ். இன்ஜின் லேசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். துள்ளி எழுந்து உட்கார்ந்தால் இன்ஜின் அல்லது கியர் பாக்ஸ் மவுண்ட் கிழிந்திருக்கிறது. மவுண்ட் என்பது ரப்பரும் இரும்பும் சேர்ந்த தாங்கி. அது போய்விட்டால், நல்ல கியர் பாக்ஸ்கூட ஒவ்வொரு மாற்றத்திலும் உதைப்பது போலவே இருக்கும். ஆறிய இன்ஜின் ஐடிலில் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்பதால், காலையில் உதை பலமாகத் தெரியும்.

மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, “மாப்ள, இன்ஜின் குதிரை மாதிரி எழும்புது” என்றார். என் ‘டொக்’குக்குக் காரணம் அதுதான்.

பாட்டரியையும் விடாதீர்கள். கியர் பாக்ஸுக்குள் ஆயில் பாதைகளைத் திறந்து மூடும் சோலனாய்டுகள் மின்சாரத்தில் வேலை செய்பவை. இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும்.

ஸ்கேனர்

எஸ்.பி. ரோடு பக்கம் போனால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்து ப்ளூடூத்தில் போனோடு பேசும் சின்ன ஓபிடி டாங்கிள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, இக்னிஷனைப் போட்டு, போனில் ஒரு ஆப் திறந்தால் கோடுகள், அதாவது பழுதுக் குறியீடுகள், வரும். பி0700 வந்தால் ‘கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்கிறது’ என்று மட்டுமே பொருள், அது தனியாக ஒன்றும் சொல்லாது. பி0730 என்றால் கியர் விகிதம் தப்புகிறது, அதாவது ஸ்லிப். பி0741 டார்க் கன்வர்ட்டர் லாக் கிளட்ச், அதாவது சீராக ஓடும்போது கன்வர்ட்டரைப் பூட்டி இன்ஜினோடு நேராக இணைக்கும் கிளட்ச். பி0750 தொடங்கி வருபவை ஷிப்ட் சோலனாய்டு. பி0218 வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

ஒரு கோடு வந்ததும் அந்தப் பாகத்தை வாங்க ஓடாதீர்கள். கோடு புகார்தான், தீர்ப்பு இல்லை. சோலனாய்டு கோடு ஒயர் கருகியிருந்தாலும் வரும். மலிவான டாங்கிள் எல்லா வண்டியிலும் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரோடு முழுதாகப் பேசாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு வரியைத் தேடுங்கள்: கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். என் வண்டியில் அது 141 கிலோமீட்டர் காட்டியது. நான் வாங்கிய பிறகு ஓட்டியது 128. அதாவது சாவி கைமாறுவதற்கு 13 கிலோமீட்டர் முன்பு யாரோ பழைய கோடுகளைத் துடைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் பாட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இது பூஜ்யமாகிவிடும், ஆகவே மோசடி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன் பார்த்திருந்தால் விலையில் பத்தாயிரமாவது குறைத்திருப்பேன்.

ரோட்டில்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினேன். பெங்களூரில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட்ட இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அறுபது, எழுபதில் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்துப் போகும்போது, ரோட்டில் வரிசையாகப் போட்ட சிறு மேடுகள் மேல் ஏறின மாதிரி ஒரு நடுக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்து, பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக் கிளட்ச் விடுபடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் குற்றவாளி டார்க் கன்வர்ட்டர் லாக், அல்லது அதற்கு ஒத்துவராத பழைய ஆயில். நிற்காவிட்டால் இன்ஜின், டயர், ஆக்சில் பக்கம் திரும்புங்கள். என் வண்டியில் நின்றது.

இன்ஜினில் மிஸ்ஸிங், அழுக்கேறிய காற்று சென்சார், அடைத்த த்ராட்டில் பாடி எல்லாமே கியர் பாக்ஸ் வேஷம் போடும். ஸ்கேனரில் பி0300 மாதிரி மிஸ்ஃபயர் கோடு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கியர் பாக்ஸ் காத்திருக்கட்டும்.

ஆயில்

பல புதிய கியர் பாக்ஸ்களில் டிப்ஸ்டிக் கிடையாது. அடியில் ஒரு பிளக் வழியாக, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். லிஃப்ட் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், ஜாக்கியில் தூக்கி வண்டிக்குக் கீழே படுக்கும் வீரம் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, வடியும் ஆயிலைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. சிவப்பு நல்லது. பழுப்பு வயதானது. கறுத்துக் கருகின வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை நகர்த்தவே வேண்டாம். கியர் பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டில் (பான்) இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு இருந்தால் சகஜம்; விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் இல்லை.

‘பழைய வண்டிக்கு ஆயில் மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. ஏற்கெனவே ஸ்லிப் ஆகும் பாக்ஸில் மாற்றிவிட்டு, அடுத்த மாதம் அது நின்றதும் பழியை ஆயில் மேல் போட்டதில் பிறந்த பேச்சு என்பது என் கணிப்பு. ஸ்லிப் இல்லாவிட்டால் தைரியமாக மாற்றலாம். மிஷின் வைத்து அழுத்திக் கழுவ வேண்டாம், வடித்து ஊற்றினால் போதும். ஒருமுறை வடித்தால் பாதிகூட வராது, மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். அதனால் நான் 300 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை செய்தேன். கையேட்டில் சொன்ன அதே ரக ஆயில் மட்டும். சிவிடி பாக்ஸில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் கதை முடிந்தது.

மவுண்டை ஜே.சி. ரோட்டில் சேசிஸ் நம்பர் காட்டி வாங்கினேன். வில்சன் கார்டனில், ஆம்பூர்க்கார மெக்கானிக் ஒருவர் மாட்டினார். அவரிடம் போனதும் வாய் திறக்காமல் நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு, “இது எல்லாரும் எழுதிட்டு வந்தா எங்களுக்கு ட்ரையல் போற டீசல் மிச்சம் சார்” என்றார். பிறகு ட்ரையலும் போனார், என் டீசலில்தான்.