தோட்டத்து ஊரில் பசார் மாலாம்: கிழமை, மணி, சில்லறை

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பெரிய கடைத்தெருவைத் தேடி அலைய வேண்டாம். நாலைந்து வரிசைக் கடைவீடுகள், ஒரு காலைச் சந்தை, சுற்றிலும் பால்மரமும் செம்பனையும். சரக்கும் கூட்டமும் சேர்ந்து வருவது பசார் மாலாம் என்ற வாராந்திர இரவுச் சந்தை போடும் மாலையில்தான். கிழமை தப்பினால் வெறும் தார்ச்சாலையைத்தான் பார்ப்பீர்கள்.

கிழமையை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பல பக்கங்கள் பழையவை. ஊரில் இறங்கியதும் சாப்பாட்டுக் கடையில் கேட்பதே நம்பகம். தவறிப்போனாலும் பரவாயில்லை, இதே வியாபாரிகள் மறுநாள் பக்கத்து ஊரில் கடை போடுவார்கள். "ஏசோக் பெர்நியாகா டி மானா?" (நாளைக்கு எங்கே கடை?) என்று ஒருவரிடம் கேட்டால் போதும்.

மாதத்தில் எந்த வாரம் என்பதையும் பாருங்கள். சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். சம்பளம் விழுந்த வாரத்தில் துணியும் பாத்திரமும் நிறைய இறங்கும், ஆனால் யாரும் விலையைக் குறைக்க மாட்டார்கள். பேரம் பேச வேண்டுமென்றால் மாதக் கடைசி நல்லது.

மாலை 4.30க்கெல்லாம் வந்துவிடுங்கள். நகைக்கடை, துணிக்கடை, மளிகைக்கடை எல்லாம் அஞ்சடி (கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) ஓரமாகவே இருக்கும். இவை சீக்கிரம் சாத்திவிடும், அதனால் முதலில் இவற்றை முடியுங்கள். நகை வாங்கினால் 916 முத்திரை (22 காரட் தங்கம்), கிராம் எடை, அன்றைய விலை, கூலி ஆகிய நான்கையும் ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பின்னால் விற்கப் போகும்போது அந்த ரசீது இல்லையென்றால் விலை இறங்கும்.

வண்டியைச் சந்தை வியாபாரிகளின் லாரிகளுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். அவர்கள் கடை கட்டும்வரை, அதாவது இரவு 10 மணிவரைகூட, வெளியே எடுக்க முடியாது. வேறு வழியின்றி இன்னொருவர் வண்டியை மறித்து நிறுத்தினால் கைப்பேசி எண்ணை எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு 5.30 முதல் 6.30 வரை சரியான நேரம்: எண்ணெய் புதிது, வரிசை குட்டை. ஏழரை மணியையொட்டி மக்ரிப் தொழுகைக்காகச் சில மலாய்க் கடைகளில் ஆள் இருக்காது, கொஞ்சம் பொறுங்கள். சாத்தேயும் (குச்சியில் சுட்ட இறைச்சி) அப்பம் பாலிக்கும் (கடலை தூவி மடித்த அப்பம்) அடுப்பிலிருந்து இறங்கியதை மட்டும் வாங்குங்கள். புத்து மாயாம், அதாவது இடியாப்பம், வாங்கும்போது தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். சேர்த்துக் கட்டினால் இடியாப்பம் ஊறிவிடும், இந்தச் சூட்டில் தேங்காயும் சீக்கிரம் புளிக்கும். சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்த்த குவே என்ற பலகாரம், லெமாக் என்ற சமையல் எதுவானாலும் அன்றைக்கே தின்று முடிப்பது நல்லது. முறுக்கும் கச்சாங் பூத்தேயும் (கடலை, பருப்பு நொறுக்கு) விளக்குச் சூட்டில் திறந்து கிடப்பதை விட மூடிய டின்னிலிருந்து எடுத்துத் தருவதே மேல். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய் நெடி அடித்தால் நகர்ந்துவிடுங்கள்.

விலை அட்டையில் ஏமாறும் இடம் அளவுதான். நெத்திலி, இறால் போன்றவற்றுக்கு எழுதியிருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான விலை. காய்கறி குவியலாக வரும், வாழைப்பழம் சீப்பாக. வயதான தவுக்கே (சீனக் கடைக்காரர்) 'கட்டி' என்றால் அது ஏறக்குறைய 600 கிராம். கிலோ என்று நினைத்துத் தலையாட்டாதீர்கள்.

100 வெள்ளி (ரிங்கிட்) நோட்டை மாலை தொடக்கத்தில் நீட்டினால் முகம் சுளிப்பார்கள். 1, 5, 10 வெள்ளி நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். கியூஆர் வைத்திருக்கும் கடைகள் நிறைய உண்டு, ஆனால் கூட்டத்தில் இணையம் திணறும். சாப்பாட்டுக்குப் பேரம் கிடையாது. துணிக்கு உண்டு: மலாய்க்காரர் கடையில் "அபாங்" (அண்ணன்) அல்லது "காக்" (அக்கா) என்று கூப்பிட்டு "போலே கூராங்?" (குறைக்க முடியுமா?) என்று கேளுங்கள். நம்மவர் கடையென்றால் அண்ணே, அக்கா. இரண்டு மூன்று துண்டு சேர்த்து எடுத்துவிட்டுக் கேட்டால்தான் விலை படியும். உடுத்திப் பார்க்க அறை இருக்காது, மெல்லிய சட்டை போட்டுப் போனால் மேலேயே போட்டுப் பார்க்கலாம். விளையாட்டுச் சாமானையும் டார்ச்சையும் அங்கேயே பேட்டரி போட்டு எரியவிடச் சொல்லுங்கள். மறுவாரம் அந்தக் கடை அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நான்கு மணிக்கு முன்பே மழை கொட்டினால் பாதிக் கடைகள் வராது, வேறு நாள் பாருங்கள். ஆறுக்கு மேல் பெய்தால் ஒதுங்கி நின்று காத்திருங்கள்; மழை விட்டதும் காய்கறியும் பழமும் விலை இறங்கிவிடும். ஒன்பதுக்கு மேலும் அப்படித்தான், ஆனால் அப்போது கீரையெல்லாம் வாடியிருக்கும்.

நோன்பு மாதத்தில் கணக்கே வேறு. ரமலான் பசார் பிற்பகலிலேயே தொடங்கி நோன்பு திறக்கும் நேரத்தோடு அடங்கிவிடும், எட்டு மணிக்குப் போய் ஒன்றும் இல்லை என்று நிற்காதீர்கள்.

சந்தை முடிந்தபின் ஊரில் இரவு என்றால் மாமாக் கடைதான் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை). தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) இனிப்பு தூக்கலாக வரும், "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2019 முதல் உணவுக்கடைகளில் புகைபிடிக்கத் தடை. வண்டி இல்லாதவர்கள் திரும்பும் ரயில், பஸ் நேரத்தைச் சந்தைக்குள் நுழையும் முன்பே பார்த்து வைக்கவேண்டும். இரவில் கிராப் (கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) வண்டிகள் நகரத்தைப்போல உடனே கிடைக்காது; கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே தேடத் தொடங்குங்கள்.